குச்சியோடு வந்த நோய்



சென்ற வாரம் மேட்டூரிலிருந்து மேச்சேரி போகும் வழியில் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். இலைகளில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக, ஓரம் சுருங்கிக் கோணிக்கொண்டு நின்றன. நம் சேலம், நாமக்கல் மாவட்டத்து விவசாயிகளுக்குப் பழகிப்போன தேமல் நோய்தான். அதன் கதையை இன்று எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறும் ஒன்று உண்டு.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (1880–85) இதைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். நம் பக்கம் இது பணப்பயிரானது இரண்டாம் உலகப் போரின்போது. மலாயா, ஜாவா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், மலாயாவில் இருந்து தொழில் அறிந்து வந்த போபட்லால் ஷாவும் இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பிறகு ஊருக்கு ஊர் சேகோ ஆலைகள் வந்தன. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்றும் கிழங்கில் எத்தனை 'பாயிண்ட்' மாவு என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

திருவனந்தபுரம் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் எச்-226 என்ற ரகத்தை வெளியிட்டது. நல்ல மகசூல் தந்ததால் நம் காடுகளில் வேகமாகப் பரவியது. ஆனால் தேமலைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை.

இந்த நோயை 1894-இல், இன்று தான்சானியா எனப்படும் பகுதியில் முதலில் விவரித்தவர் வார்பர்க் என்ற ஜெர்மானிய அறிஞர். இந்தியாவில் இது 1956-இல் பதிவானது. காரணம் வைரஸ். நம் பகுதியில் இரண்டு வகை உண்டு: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டு போகிறது. ஆனால் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு கொண்டு போவது மனிதன்தான். மரவள்ளியை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியை வெட்டி நடுகிறோம். தாய்ச்செடியில் உள்ள வைரஸ் குச்சிக்குள் அப்படியே உட்கார்ந்து வரும். இலங்கை வகை 2015-இல் கம்போடியாவில் காணப்பட்டு, பிறகு வியட்நாம், தாய்லாந்து வரை போனதிலும் நடவுக்குச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது என் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் என் தங்கை, "அண்ணா, நடவுக்குக் குச்சி கொடேன்" என்று கேட்டாள். எங்கள் காட்டிலிருந்து இரண்டு கட்டு கொடுத்தேன். இலையில் மஞ்சள் இருந்ததை மாப்பிள்ளை கவனித்துக் கேட்டார். "சத்துக் குறைச்சல் மாப்பிள்ளை, யூரியா போட்டால் சரியாகிவிடும்" என்றேன். அறிவியல் பாடம் நடத்தியவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்த ஆண்டு அவர்கள் காட்டில் கிழங்கு விரல் பருமனுக்குத்தான் இருந்தது. "மச்சான் கொடுத்த குச்சி" என்று மாப்பிள்ளை ஒருநாளும் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பூச்சிக்கு எதிரி உண்டு. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மாவுப்பூச்சி நம் மாவட்டங்களிலும் கிழங்கை அழித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டில் விட்டார்கள். ஆனால் செடிக்குள் புகுந்த வைரஸுக்கு எந்த மருந்தும் இல்லை. வராமல் தடுப்பதே வழி.

தேமல் கண்ட செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள். மூன்று, நான்கு கணுக்களுள்ள சிறு துண்டுகளை முதலில் நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, மூன்று நான்கு வாரத்தில் மஞ்சள் காட்டுபவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, மீதியைக் காட்டில் நடுங்கள். காட்டிலும் இளம்பருவத்திலேயே நோய்ச்செடியைப் பிடுங்குங்கள். ஸ்ரீ பத்மநாபா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களும் வந்துள்ளன.

உறவினருக்குக் குச்சி கொடுப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். கொடுக்கும் முன் இலையை ஒருமுறை பாருங்கள். நான் பார்த்தும் ஏற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் ஊரில் தேமல் எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.