பொய்ப்பல்லும் இளமையும்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. முதுமையைக் கருதியே நாம் இதனைச் சொல்லி வருகிறோம். ஆயினும் சொத்தையும் ஈறு நோயும் விபத்தும் இருபது, முப்பது வயதினரையும் பல்லிழக்கச் செய்கின்றன. இளமையில் பல் கட்டிக்கொள்ளும் வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலையை அடுத்த எல்லைப்புறத்தில் உள்ளது குன்னத்துகால். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் இருமொழியும் இங்குக் கலந்தே வழங்குகின்றன. தமிழர் பொய்ப்பல் என்பதை மலையாளிகள் வெப்புப்பல் என்பர். முன்னது பொய் என்று பழிக்கிறது. பின்னது வைக்கப்பட்ட பல் என்று மட்டுமே கூறுகிறது. மணப்பேச்சு நடக்கும் வயதில் பல்லிழந்தவருக்கு இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இளமையிலேயே பல்லிழந்தோருள் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். இருபதுகளிலேயே அவர் பற்களை இழக்கத் தொடங்கினார். 1789-இல் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். நீர்யானைக் கொம்பும் மனிதப் பற்களும் கொண்டு செய்யப்பட்ட செட்டுகள் அவருக்குத் துன்பமே தந்தன. அக்காலத்தில் இவை செல்வருக்கே கிட்டின.

இந்நிலையை இரண்டு கண்டுபிடிப்புகள் மாற்றின. 1844-இல் சார்லஸ் குட்யியர் கெட்டிப்படுத்திய ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் மலிவான பல்செட்டு பின்னர் பிறந்தது. அவ்வாண்டே ஹோரஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்து தம் பல்லை நோவின்றிப் பிடுங்குவித்தார். 1846-இல் வில்லியம் மார்ட்டன் ஈதரின் பயனை உலகறியச் செய்தார். பிடுங்குதல் எளிதாயிற்று, கட்டுதலும் மலிவாயிற்று.

விளைவு நன்மையாக மட்டும் அமையவில்லை. பல்லின் நோயே உடல் நோய்க்கெல்லாம் காரணம் என்ற கருத்து 1910-க்குப் பின் பரவியது. பிரிட்டனில், பின்னாளில் செலவு வேண்டாம் என்று கருதி, மணமாகவிருந்த இளம்பெண்களின் பற்கள் அனைத்தையும் பிடுங்கிச் செட்டு வைக்கும் வழக்கமும் சில பகுதிகளில் நிலவியது. 1968-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரில் 100-க்கு 37 பேர் பற்களை முற்றும் இழந்திருந்தனர். 2009-இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அது 6 ஆகக் குறைந்தது.

இதில் இளைஞர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பல்லின் வேர் நீங்கினால் அதைத் தாங்கிய தாடை எலும்பு தேயத் தொடங்கும். முழுச்செட்டு அணிந்தோரின் தாடைகளில் இத்தேய்வு 25 ஆண்டுகள் வரையிலும் தொடர்வதை 1972-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மேல்தாடையினும் கீழ்த்தாடையிலேயே தேய்வு மிகுதி. எழுபதில் செட்டு வைப்பவருக்கும் இருபத்தைந்தில் வைப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இளையவர் அத்தேய்வை அரை நூற்றாண்டு சுமக்க வேண்டும்.

நம் நாட்டில் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. திருவனந்தபுரத்தில் 1959-இல் பல் மருத்துவக் கல்லூரி அமைந்தது. குன்னத்துகாலை ஒட்டிய காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி, எவரெஸ்ட் ஏறச் சென்றவரும் நெய்யூரில் பணியாற்றிய அறுவை மருத்துவருமான சாமர்வெல்லின் பெயரைத் தாங்குகிறது. அந்நெய்யூர் மருத்துவமனையின் அனுபவத்தைக் கொண்டே, 1933-இல் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரின் வாய்ப் புற்றுநோய் பற்றி ஓர் என்பவர் கட்டுரை வெளியிட்டார். ஆதலால் வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கமுடையோர், இரு வாரத்தில் ஆறாத புண்ணைச் செட்டு உராய்ந்த புண் என்று விட்டுவிடலாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1965-இல் ஸ்வீடனில் பிரானமார்க் தாடையில் டைட்டேனியம் வேர் பதித்துப் பல் பொருத்தினார். அதைப் பெற்றவரும் முதியவர் அல்லர். இன்று அம்முறை பரவியிருப்பினும் செலவு மிகுதி. தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருத்தலும் வேண்டும். அதுவரை கழற்றி மாட்டும் பல்செட்டு பேச்சையும் உணவையும் முகத்தையும் காக்கும். வசதியில்லாதாருக்கு அதுவே நெடுநாள் துணையாகலாம். அதனை அணிவதில் இழுக்கு ஏதுமில்லை. இரவில் கழற்றித் தூய்மை செய்தலும், தளர்ந்தபோது சரிசெய்துகொள்ளுதலும் வேண்டும்.

ஆயினும் கட்டிய பல் எவ்வளவு நன்றாயினும் முளைத்த பல்லுக்கு ஈடாகாது. பிடுங்கும் நாற்காலியில் அமருமுன், இப்பல்லைக் காக்க வழியுண்டா என்று கேட்பதே இளைஞரின் முதற்கடமையாம்.