மஸ்டாங்: ஒரு கட்டாக்காலியின் வம்சாவளி

ஈழத்தமிழில் ‘கட்டாக்காலி’ என்றொரு சொல் உண்டு. காலி என்பது மாட்டுக்கூட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொல். கட்டிவைக்க ஆளில்லாமல் ஊர்மேயும் மாடு கட்டாக்காலி. தெருவில் திரியும் மாடுகளைப் பற்றிய செய்தி என்றால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் இன்றும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கும். 1964-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, அறுபது ஆண்டு கடந்த பின்னும் வீட்டுக் கொட்டகைகளில் பிரித்துப் போட்டுப் பூட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு காரின் பெயருக்கு நேரான தமிழ் தேடினால், கைக்கு வருவது இந்தக் கட்டாக்காலிதான். அந்தப் பெயர் மஸ்டாங்.

அகராதிகள் ‘காட்டுக்குதிரை’ என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அது பாதிதான் சரி. வட அமெரிக்காவின் ஆதிக் குதிரையினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. 1493-ல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தோடு கரீபியத் தீவுகளுக்கும், 1519-ல் கோர்த்தேஸின் படையோடு மெக்சிகோ கரைக்கும் ஸ்பானியக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கின. பண்ணையிலிருந்தும் படையிலிருந்தும் தப்பியவை பெருகித்தான் புல்வெளிகளை நிரப்பின. ஆகவே மஸ்டாங் என்பது மனிதன் கை படாத விலங்கு அல்ல. யாருடையது என்று தெரியாமல் போன விலங்கு. சொல்லின் சரித்திரம் முழுவதும் இந்த ‘யாருடையது’ என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

கேள்வி முதலில் எழுந்தது ஆடுகளைப் பற்றி. இடைக்கால ஸ்பெயினின் காஸ்தில் நாட்டில் ஆட்டுக்கிடைகள் கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கும். வழியில் ஒருவர் மந்தை இன்னொருவர் மந்தையோடு கலக்காமல் இருக்காது. அதனால் இடையர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஓரிடத்தில் கூடி, குறிகளைப் பார்த்து அவரவர் விலங்கைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்துக்கு ‘மெஸ்தா’ என்று பெயர். 1273-ல் பத்தாம் அல்ஃபோன்சோ அரசர் சாசனம் கொடுத்து இதை நாடு தழுவிய சங்கமாக்கினார். வழக்குத் தீர்ப்பதும் மேய்ச்சல் பாதைகளைக் காப்பதுமாக வலுத்த அந்தச் சங்கம் 1836-ல்தான் கலைக்கப்பட்டது.

மெஸ்தா என்பதற்கு மூலமாகப் பெரும்பாலோர் காட்டுவது ‘மிக்ஸ்தா’ என்ற இலத்தீன் சொல்லை. ‘கலந்தவை’ என்பது பொருள். இந்த வேர் நமக்கு அந்நியமானதல்ல. சம்ஸ்கிருத ‘மிச்ர’ இதற்கு உடன்பிறப்பு. மூன்றும் நாலும் கலந்த தாளத்தை நம் கச்சேரிகளில் மிஸ்ர சாபு என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

பிரித்து முடித்த பிறகும் உரிமை கேட்க ஆள் வராமல் நிற்கும் விலங்கு ‘மெஸ்தென்கோ’ ஆயிற்று. இன்றைய ஸ்பானியத்தில் ‘மெஸ்தென்யோ’. இதற்கு அண்டைவீட்டுச் சொல் ஒன்றும் இருந்தது: ‘மொஸ்த்ரென்கோ’. அதற்கும் உடையவனற்றது என்றே பொருள்.  ஆனால் அதன் வடிவத்தில் ‘காட்டு, வெளிப்படுத்து’ என்ற வினையின் சாயல் படிந்திருக்கிறது. தடுமாறி வந்த விலங்கைக் கண்டெடுத்தவன் அதை ஊரறியக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் அந்தச் சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. ‘மஸ்டாங்’ என்ற ஆங்கில வடிவத்தில் இந்த இரண்டு சொல்லும் ஒன்றையொன்று பாதித்திருக்கின்றன என்பது சொற்பிறப்பியலாளர் பலர் முடிவு. கலப்பைக் குறிக்க வந்த சொல் தானும் கலந்துபோனது.

ஸ்பானியர் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது மெஸ்தாவும் கூடவே வந்தது. 1537-ல் மெக்சிகோவுக்கென்று மெஸ்தா விதிகள் வகுக்கப்பட்டன. வேலி இல்லாத தேசத்தில் ஆவணம் என்பது விலங்கின் தோல்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போட்ட சூட்டுக்குறிதான். 1778-ல் டெக்சாஸின் நிலை இன்னும் ஒரு படி மேலே போனது. குறியில்லாத மாடு, குதிரை எல்லாம் அரசருடைய சொத்து, பிடிக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும் என்று தலைமைத் தளபதி தெயோதோரோ தெ குரோயிக்ஸ் ஆணை போட்டார். யாருக்கும் சொந்தமில்லாததற்கும் அரசாங்கம் ஓர் உடையவனைக் கண்டுபிடித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எல்லைப்புறத்தில்தான் ஆங்கிலம் பேசுவோர் சொல்லைக் காதில் வாங்கி, நாவுக்கு வந்தபடி திருத்திக்கொண்டார்கள். 1971-ன் அமெரிக்கச் சட்டம் மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் திரியும் மஸ்டாங்குகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் பிடித்துவரப்படும் குதிரையின் கழுத்தின் இடப்பக்கத்தில் இன்றும் உறைகுளிர்க் குறி போடுகிறார்கள். இரும்பு குளிர்ந்திருக்கிறதே தவிர வழக்கம் மாறவில்லை.

பெயர் குதிரையை விட்டு இறங்கியது 1940-ல். ஜெர்மனியோடு போரில் இருந்த பிரிட்டன், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்திடம் புதிய போர்விமானம் ஒன்றைச் செய்துதரச் சொன்னது. அக்டோபர் 26 அன்று அது முதன்முதலில் பறந்தது. அதற்கு ‘மஸ்டாங்’ என்று பெயரிட்டவர்கள் வாங்கிய பிரிட்டிஷார். பின்னால் அமெரிக்கா தன் படைக்குச் சேர்த்துக்கொண்டபோது பி-51 என்ற எண்ணோடு அந்தப் பெயரே நிலைத்தது. முதலில் அதில் இருந்தது அமெரிக்க அல்லிசன் என்ஜின். உயரம் போகப்போக அதற்கு மூச்சு வாங்கியது. 1942 அக்டோபரில் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் இங்கிலாந்தில் அதைக் கழற்றிவிட்டுத் தங்கள் மெர்லின் என்ஜினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். பெர்லின்வரை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைபோன புகழ் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் வந்தது. இன்றைய பட்டறை மொழியில் சொன்னால், மஸ்டாங் என்ற பெயரை உலகறியச் செய்தது ஓர் என்ஜின் மாற்று வேலை.

காரைச் செய்த ஃபோர்டு நிறுவனத்துக்குள் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் குறைந்தது இரண்டு கதைகள் உண்டு. 1962-ல் காட்டிய இருவர் அமரும் மாதிரிக் காருக்கு வடிவமைப்பாளர் ஜான் நஜார் போர்விமானத்தை மனத்தில் வைத்து ‘மஸ்டாங்’ என்றார் என்பது ஒன்று. சந்தை ஆய்வுப் பிரிவின் ராபர்ட் எகர்ட் குதிரை வளர்ப்பவர். ஃபிராங்க் டோபி 1952-ல் எழுதிய ‘தி மஸ்டாங்ஸ்’ என்ற நூலைப் படித்துவிட்டு அவர் முன்மொழிந்தார் என்பது மற்றொன்று. விமானமா, குதிரையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. காருக்கே பெயர் பலமுறை மாறியது. வடிவமைப்புக் கூடத்தில் அது கூகர், நடுவில் டொரினோ. ஜெர்மனியில் க்ருப் நிறுவனம் தன் லாரிக்கு அந்தப் பெயரை முன்பே பதிந்து வைத்திருந்ததால், அங்கே 1970களின் இறுதிவரை மஸ்டாங் ‘டி-5’ என்ற எண்பெயரில் ஓடியது. உடையவனற்றது என்று பொருள்படும் சொல்லுக்கு அங்கே பதிவுபெற்ற உடையவன் இருந்தான்!

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் கார் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் கார் தயாரானது. விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் தோலுக்கு அடியில் இருந்தது. ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளமும் உறுப்புகளும்தான் உள்ளே. நீண்ட முகப்பும் குறுகிய பின்புறமும் மட்டுமே புதிது. பெயரின் வேர் இங்கேயும் பொய்க்கவில்லை. தொடர்வரிசையின் முதல் எண்ணைத் தாங்கிய காரோ பெயருக்கேற்பவே நடந்துகொண்டது. காட்சிக்காக நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸுக்கு அனுப்பிய அந்த வெள்ளைத் திறந்த காரை விற்பனையாளர் தவறுதலாக ஒரு விமானிக்கு விற்றுவிட்டார். அதைத் திரும்பப் பெற ஃபோர்டுக்கு 1966வரை ஆனது. பதிலுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய எண்ணில் ஒரு புதிய மஸ்டாங்கைக் கொடுத்து மீட்டது. இப்போது அது டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கிளைச்சொல் ஒன்று. மஸ்டாங் பிறந்தபோது அதை யாரும் ‘மஸில் கார்’ என்று அழைக்கவில்லை. பெரிய என்ஜினை நடுத்தரக் காருக்குள் திணித்து, பாண்டியாக் ஜிடிஓ போல வந்தவற்றுக்கு ஒட்டிய பெயர் அது. மஸ்டாங்கின் வகைக்குப் ‘போனி கார்’ என்று தனிப்பெயர், மட்டக்குதிரை. 1968-ல் 428 கன அங்குல கோப்ரா ஜெட் என்ஜின் ஏறிய பிறகுதான் மட்டக்குதிரைக்கும் தசை வைத்தது.

இனிக் கொட்டகைக்குள் போவோம். பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கிவந்தவர் முதலில் எடுப்பது ஸ்பானர் அல்ல, டார்ச் விளக்கு. ஆட்டின் குறியைத் தேடிய இடையனைப் போல இவர் காரின் எண்ணைத் தேடுகிறார். என்ஜின் அறையில், இடப்பக்க மட்கார்டின் உள்தகட்டில் அது பொறித்திருக்கும். 5 என்று தொடங்கினால் 1965; அடுத்த எழுத்து எஃப் என்றால் டியர்போர்ன் ஆலை, ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன். பிறகு வரும் 07 கூரையுள்ள கார், 08 திறந்த கார், 09 பின்புறம் சரிந்த ஃபாஸ்ட்பேக். அதன்பின் என்ஜினுக்கு ஓர் எழுத்து: டி என்றால் ஆறு சிலிண்டர், சி, ஏ என்றால் 289 கன அங்குல வி-8, கே என்றால் அதே அளவில் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்வகை. 1964 ஏப்ரல் முதல் கோடைவரை செய்தவற்றை ஆர்வலர்கள் ‘அறுபத்து நாலரை’ என்கிறார்கள். ஃபோர்டின் எண்ணில் அப்படி ஒரு ஆண்டு கிடையாது. அவற்றுக்கும் முதல் இலக்கம் 5தான். ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் டைனமோ இருப்பது போன்ற அடையாளங்களைக் கொண்டே பிரிக்கிறார்கள்.

எண்ணைப் படித்த பிறகு துரு. கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் தகட்டறைதான் இந்தக் கார்களின் தீராத நோய். அங்கே தேங்கும் மழைநீர் உள்ளே சொட்டி, கால்வைக்கும் தரைத்தகட்டைத் தின்றுவிடும். தனிச் சட்டகம் இல்லாத உடல் என்பதால் தரை போனால் பலமும் போயிற்று. புதுத்தகடு வாங்கி வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வீட்டில் செய்யும் முதல் பெரிய வேலை. மேலே பட்டி பூசி மறைத்தவரின் கைங்கரியமும் அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

அதற்கப்புறம் வழி பிரிகிறது. ஆலையிலிருந்து வந்தபடியே நிறுத்துவேன் என்பவர் ஒரு கட்சி. அவர்களின் மந்திரம் ‘நம்பர்ஸ் மேட்சிங்’: உடலின் எண்ணும் என்ஜினின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டுவதற்கேற்ப மாற்றுவேன் என்பவர் மறுகட்சி. முன்சக்கர டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் வைப்பார்கள். ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் இரட்டை அறை வைப்பார்கள். சஸ்பென்ஷனின் மேல்கையை ஓர் அங்குலம் கீழிறக்கி வளைவுகளில் கார் சாய்வதைக் குறைப்பார்கள். இந்தக் கடைசி வேலைக்கு ‘ஷெல்பி டிராப்’ என்று பெயர். கணக்குப் போட்டவர் ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங். பெயர் தட்டிச் சென்றவர் பந்தயக்காரர் கரோல் ஷெல்பி. ஆறு சிலிண்டர் காரில் வி-8 ஏற்றுகிறவருக்கு வேலை என்ஜினோடு நிற்காது. ஆறு சிலிண்டருக்குச் சக்கரத்தில் நான்கு போல்ட், வி-8க்கு ஐந்து. ஆக்ஸில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் மாறும். மீட்பதும் மாற்றுவதும் ஒன்றாய்ச் சேர்ந்த இந்த முறைக்கு ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர். இரண்டு சொல்லை வெட்டி ஒட்டிய சொல், வேலையும் அதுவே.

முதல் கட்சி இரண்டாவதைப் பார்த்து ‘மஸ்டாங் என்ற பெயரையே கெடுக்கிறார்கள்’ என்று சொல்வதுண்டு. சொல்லின் சரித்திரம் தெரிந்தவர் இந்த ஒரு வாதத்தை மட்டும் கீழே வைத்துவிடலாம். வேரில் கலப்பு, வடிவத்தில் இரு சொற்களின் சேர்க்கை, விமானத்தில் அமெரிக்க உடலும் பிரிட்டிஷ் என்ஜினும், காரில் ஃபால்கனின் எலும்பு. கெடுவதற்குத் தூய்மை அந்தப் பெயரில் எப்போது இருந்தது? இன்னும் ஒன்று: 1964 முதல் 1966வரை வந்த கார்களில் கே வகை நீங்கலாக மற்ற என்ஜின்களில் காரின் எண்ணைப் பொறிக்கும் வழக்கமே இல்லை. வார்ப்பில் உள்ள தேதிக் குறியைக் கொண்டு ‘இது அந்தக் காலத்தது’ என்று சொல்லலாமே தவிர, ‘இந்தக் காருடையது’ என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. பழைய காஸ்தில் இடையர் கண்ணில் அந்த என்ஜின் சுத்தமான மெஸ்தென்கோ.

ஆனால் மெஸ்தா இன்னொன்றையும் கறாராக வைத்திருந்தது. மந்தை கலப்பது குற்றமில்லை, நடக்கக்கூடியது. குறியை மாற்றுவதுதான் குற்றம். கொட்டகையிலும் நியாயம் இதுவே. சி எழுத்துக் காரை மஸ்டாங்கின் ஜிடி வகை போல அலங்கரித்து, ‘ஜிடி மாதிரி செய்தது’ என்று சொல்லி விற்றால் அது கைவேலை. ஜிடி என்றே விற்றால் மோசடி. எண்ணையே சுரண்டி மாற்றினால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம். வாங்குகிறவரும் இடையனைப் போலக் குனிந்து பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்: உண்மையான ஜிடியில் இரட்டைப் புகைக்குழாயைத் தாங்குவதற்கு ஆலையிலேயே வைத்த வலுத்தகடு அடிச்சட்டத்தில் இருக்கும், முகப்பில் ஒட்டிய பட்டையை யாரும் கடையில் வாங்கலாம். என்ஜினை மாற்றுங்கள், பிரேக்கை மாற்றுங்கள், வண்ணத்தையும் மாற்றுங்கள். குறியில் மட்டும் கை வைக்காதீர்கள்.