கண்ணியின் கணக்கு: பெண்ணையாற்றிலிருந்து கடலூர்க் கடல்வரை

திருக்கோவிலூருக்குக் கடல் கிடையாது. ஆனால் 1993 வரை அந்த ஊர் இருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையும் கடலூருக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது. ஆற்றுக் கெண்டைக்கும் கடல் நெத்திலிக்கும் அன்று ஒரே ஆட்சியர் அலுவலகம். இந்த உறவைச் சொல்லக் காரணம் உண்டு. வலைக்கண்ணியை அளக்க வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதியில் முதலில் ஆற்றையும் ஏரியையும் முன்வைத்தே எழுந்தது. கடலுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்தபோதும் ஆற்றில் கற்ற கணக்கோடுதான் வந்தது.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றிய தம் அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். நெருக்கமான கண்ணியுள்ள வலைகள் மீன்குஞ்சுகளை அரித்தெடுத்துவிடுகின்றன, கண்ணிக்குக் கீழ்வரம்பு வேண்டும் என்பது அவருடைய வாதம். மதராஸ் ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸும் அதே கருத்துக்காரர். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வலையின் வகைக்கும் அளவுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது. கடலைப் பற்றி அன்று அத்தகைய கவலை குறைவு. கடல் மீன்வளம் வற்றாதது என்று 1883-இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி பேசியிருந்தார். அறிஞர் சொல் அரசுகளுக்கும் வசதியாக இருந்தது.

அந்த நம்பிக்கை மதராஸ் மாகாணத்தில் ஆட்டம் கண்டது மலபார்க் கரையில். 1940-களில் மத்தி வரத்து சரிந்தபோது, 1943-இல் மாகாண அரசு சிறு கண்ணி வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. தடைக்கு உள்ளான ஒரு வலையின் பெயரே ‘மத்திக்கொல்லி’. தடை நெடுநாள் நிற்கவில்லை; சில ஆண்டுகளில் விலக்கப்பட்டது. ஆனாலும் சிறு கரைமீன் ஒன்றை முன்னிட்டு வலையைக் கட்டுப்படுத்திய அந்த முயற்சிக்கு வரலாற்றில் கிடைத்திருக்கும் இடம் போதாது என்பேன்.

அடுத்து வந்த மாற்றம் சட்டப் புத்தகத்தில் இல்லை, நூலில். பருத்தி வலை ஊறினால் கனக்கும், நாள்தோறும் காயவைக்காவிட்டால் மக்கும். அதனால்தான் மரப்பட்டைச் சாயம் ஏற்றினார்கள். 1950-களின் இறுதியிலிருந்து பரவிய நைலானுக்கு இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய நூல், தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. கண்ணி அளவு மாறாமலே வலையின் பிடிதிறன் கூடியது. கூடவே விசைப்படகும் இழுவலையும் வந்தன. கண்ணியை மட்டும் அளந்துகொண்டிருந்தவர்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் விதிகள் இழுவலைக்கு 37 மி.மீ., மற்ற வலைகளுக்கு முடிச்சுக்கு முடிச்சு 10 மி.மீ. என்று வரம்பு கட்டின. மீன் சேரும் இழுவலை மடிக்கு இப்போது சொல்லப்படுவது 40 மி.மீ. இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரு முடிச்சுகளுக்கு இடையே 10 மி.மீ. என்றால் கண்ணியின் சுற்றளவு 40 மி.மீ. விறைப்பாக இழுத்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே 10 மி.மீ. என்றால் சுற்றளவு 20 மி.மீ.தான். ஒரே எண், மீன் தப்பும் வழியோ பாதியாகிவிடுகிறது. இழுவலையில் இன்னொரு சிக்கல். மடியில் மீன் நிறைந்து பாரம் ஏறும்போது சாய்சதுரக் கண்ணி இழுபட்டு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கரையில் 40 மி.மீ. காட்டிய கண்ணி, கடலுக்கடியில் வெறும் கீறல். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சதுரக்கண்ணி மடியை வலியுறுத்துவது இதனால்தான். அது பாரத்திலும் திறந்தே இருக்கும்.

சிறு மீன்களிலும் எல்லாம் ஒன்றல்ல. நெத்திலி விரல்போல ஒடுங்கியது. வளர்ந்த பிறகும் 40 மி.மீ. கண்ணி திறந்திருந்தால் நழுவிவிடும். காரப்பொடி இலைபோலத் தட்டை, உடல் அகலம். நீளம் குறைவானாலும் அதே கண்ணியில் நின்றுவிடும். மீனின் நீளத்தைவிட அதன் உடற்சுற்றளவுக்கும் கண்ணிக்கும் உள்ள விகிதமே முக்கியம் என்று செவுள் வலையை வைத்து ரஷ்ய அறிஞர் பரானோவ் 1914-லேயே விளக்கியிருந்தார். ஆகவே நெத்திலி வலைக்காரரிடம் பெரிய கண்ணி கேட்பது தொழிலையே விடச் சொல்வதற்குச் சமம். அவர் பிடிப்பது வளர்ந்த மீன். இழுவலை மடியில் சிக்கிக் கழிசலாக மீன்தூள் ஆலைக்குப் போகும் பொடிமீனில், பெரிதாக வளர வேண்டிய இனங்களின் குஞ்சுகளும் கலந்திருக்கின்றன. இரண்டையும் ‘சிறுமீன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதுதான் குழப்பத்தின் வேர்.

சுருக்குமடி வந்தபின் கண்ணிக் கணக்கு இன்னும் வலுவிழந்தது. 1980-களுக்குப் பிறகு கிழக்குக் கரையில் மத்தி பெருகியது. அந்த மத்திக் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் வலைதான் சுருக்குமடி. மீன் கண்ணியில் மாட்டிக்கொள்ளாதபடி வேண்டுமென்றே கண்ணியைச் சிறிதாக வைப்பார்கள். 2000-இல் தமிழக அரசு இதைத் தடை செய்தது. கடலூர்க் கரையில் மீனவருக்குள்ளேயே இதனால் பகை மூண்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கடல் மைல், கிழமை, மணி என்று வழக்கு வேறு அளவுகளுக்கு நகர்ந்துவிட்டது.

கேரளம் 2015-இல் வேறு வழி எடுத்தது. வலையோடு மீனையும் அளக்கத் தொடங்கியது: மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. இவற்றுக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. தமிழகத் துறைமுகங்களில் சோதனைக்குப் போகும் அதிகாரிகள் கண்ணி அளக்கும் கோலோடு, கூடையில் கிடக்கும் மீனை அளக்கவும் ஒரு கோல் எடுத்துச் செல்லட்டும்.