கயிறும் சேறும்: சேலஞ்சர் கப்பலின் கதை

கடல் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீருக்கடியில் இயங்கும் கேமராக்களும், திமிங்கிலங்களின் பின்னால் விரையும் படகுகளும்தான். ஆனால் இந்தத் துறை பிறந்த கப்பலில் வேலை பார்த்த ஒரு சாதாரண மாலுமியைக் கேட்டிருந்தால், அவர் இரண்டே விஷயங்களைத்தான் சொல்லியிருப்பார். ஒன்று கயிறு, இன்னொன்று சேறு!

அந்தக் கப்பலின் பெயர் ஹெச்.எம்.எஸ். சேலஞ்சர். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பலான இது 1872 டிசம்பர் 21 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 1876 மே 24 அன்று இங்கிலாந்து திரும்பியது. மொத்தப் பயணம் 68,890 கடல் மைல். அதில் 713 நாட்கள் நடுக்கடலில் கழிந்தன.

ஏன் இந்தப் பயணம்?

1840-களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர், சுமார் 300 பாகத்துக்குக் கீழே கடலில் உயிர்களே இருக்காது என்று கருதினார். (ஒரு பாகம் என்பது ஆறடி. நம் மீனவர்களும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள்.) வெளிச்சம் இல்லை, கடும் குளிர், நசுக்கும் அழுத்தம், அங்கே எது வாழும் என்பது அன்று பலருக்கும் நியாயமாகவே பட்டது. எடின்பரோ பேராசிரியர் சார்லஸ் வைவில் தாம்சன் இதை ஏற்கவில்லை. சேலஞ்சருக்கு முன்பே அவர் கலந்துகொண்ட சிறிய பயணங்களில் இன்னும் அதிக ஆழத்திலிருந்து உயிருள்ள விலங்குகள் கிடைத்திருந்தன. உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் அப்படித்தானா என்று பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம். லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதால் கடற்படை கப்பலைக் கொடுத்தது.

கப்பலில் இருந்த 17 பீரங்கிகளில் 15 கழற்றப்பட்டன. அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களும், புகைப்படம் கழுவும் இருட்டறையும், ஆல்கஹால் நிரப்பிய ஜாடிகளுக்கான அலமாரிகளும் வந்தன. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 240 பேர். அவர்களில் தாம்சன், ஜான் மரே, மோஸ்லி, வில்லமோஸ்-சூம், வேதியியலாளர் புக்கானன், ஓவியர் வைல்டு ஆகிய ஆறு பேர் மட்டுமே ஆய்வுக் குழுவினர். மற்றவர்கள் கடற்படை அதிகாரிகளும் மாலுமிகளும். மாலுமிகள் இந்த ஆறு பேருக்கு வைத்த பெயர் "சயன்டிஃபிக்ஸ்"!

ஒரு வேலை நாள்

பயணத்தில் 362 இடங்களில் நின்று ஆய்வு செய்தார்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சடங்குதான். முதலில் பாய்களைச் சுருட்டுவார்கள். நீராவி எந்திரத்தை இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். பிறகு பாரமான இரும்புக் குண்டுகளைக் கட்டிய சணல் கயிற்றைக் கடலில் விடுவார்கள். கயிற்றில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. ஓர் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு நூறு பாகம் இறங்கவும் எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்வார். கயிறு இறங்கும் வேகம் சட்டென்று குறைந்தால் அடி தட்டிவிட்டது என்று பொருள். அந்தக் கயிற்றிலேயே வெப்பமானிகளும், நீரைப் பிடித்து வரும் குடுவையும் கட்டப்பட்டிருக்கும்.

அடுத்தது வலை. இரும்புச் சட்டம் பொருத்திய பையை ஆழத்தில் இறக்கி, கடலடியில் இழுத்துவிட்டு மேலே தூக்க வேண்டும். கப்பல் அலையில் ஆடும்போது கயிறு அறுந்துவிடாமல் இருக்கத் தடித்த ரப்பர் பட்டைகளை இடையில் மாட்டியிருந்தார்கள். கயிற்றை இழுக்க 18 குதிரைத்திறன் கொண்ட சிறிய நீராவி எந்திரம் இருந்தது. அப்படியும் மிக ஆழமான இடங்களில் காலையில் விட்ட வலை மேலே வரச் சாயங்காலம் ஆகிவிடும். வந்ததும் சேற்றைத் தொட்டிகளில் கொட்டி, சல்லடை சல்லடையாக அலசி, அகப்பட்ட உயிர்களை ஜாடிகளில் போடுவார்கள். சில நாட்களில் விநோதமான மீன்களும் நட்சத்திர மீன்களும் கிடைக்கும். பல நாட்களில் கிடைப்பது வெறும் சேறு.

ஆரம்பத்தில் வலை மேலே வரும்போதெல்லாம் கப்பலே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. போகப் போகக் கூட்டம் கரைந்தது. மாலுமிகளுக்கு அது முதுகு ஒடியும் வேலை, அவ்வளவுதான். உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பட்டாணி சூப், கெட்டி பிஸ்கட் என்று மாறாத சாப்பாடு வேறு. மோஸ்லியின் அறையில் ஒரு பெரிய கரப்பான்பூச்சி நெடுநாள் பிடிபடாமல் குடியிருந்து, இரவில் அவர் முகத்தில் ஊர்ந்ததாம். அதிகாரிகள் கூடத்தில் ஒரு கிளி இருந்தது. இரண்டாயிரம் பாகம் போயும் அடி தட்டவில்லையே என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு அங்கே எத்தனை தடவை காதில் விழுந்திருந்தால் ஒரு கிளி அதைக் கற்றுக்கொண்டிருக்கும்!

கொடுத்த விலை

இது வெறும் சலிப்போடு நிற்கவில்லை. 1873 மார்ச்சில், அட்லாண்டிக்கில், வலை அடியில் சிக்கிக் கயிறு இறுகியபோது மேல்தளத்திலிருந்த கப்பி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. அது தாக்கியதில் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற சிறுவயது மாலுமி இறந்துபோனான். 1874 பிப்ரவரியில் அண்டார்டிக் வட்டத்தைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் என்ற பெயரைச் சேலஞ்சர் பெற்றது. அடுத்த சில நாட்களிலேயே ஒரு பனிப்பாறையில் மோதிச் சேதமடைந்தது. 1875 செப்டம்பரில், தாஹித்தி நோக்கிப் போகும் வழியில், ஜெர்மானிய விஞ்ஞானி வில்லமோஸ்-சூம் தோல் தொற்று முற்றி இறந்தார். வயது 28. அவர் உடலும் கடலுக்கே போனது.

துறைமுகங்களில் இறங்கி அப்படியே ஓடிப்போனவர்கள் சுமார் 60 பேர். கிளம்பும்போது இருந்தவர்களில் கடைசிவரை இருந்தவர்கள் 144 பேர்தான்.

இவை எல்லாவற்றையும் கீழ்த்தளத்திலிருந்து பார்த்த ஒருவர் உண்டு. ஜோசப் மாட்கின், பண்டகசாலை உதவியாளர். கிளம்பும்போது 19 வயது. வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1992-இல் புத்தகமாக வெளிவந்தன. அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பயணம் முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தங்கள் புத்தகங்களை வெளியிட்டுவிட்டார்கள். கீழ்த்தளத்தின் குரல் வெளியே வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது!

என்ன கிடைத்தது?

1875 மார்ச் 23 அன்று, மேற்கு பசிபிக்கில் கயிறு 4,475 பாகம் வரை இறங்கியது. அதாவது 8 கிலோமீட்டருக்கும் அதிகம். அதை ஒட்டிய பகுதி இன்று "சேலஞ்சர் பள்ளம்" என்றே அழைக்கப்படுகிறது. உலகக் கடல்களிலேயே மிக ஆழமான இடம் அது.

கிடைத்ததைப் போலவே, இல்லை என்று தெரிந்துகொண்டதும் முக்கியம். கடலடிச் சேற்றில் 'பேத்திபியஸ்' என்ற ஆதி உயிர்க்கூழ் இருப்பதாகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி 1868-இல் அறிவித்திருந்தார். சேலஞ்சரில் எத்தனை தேடியும் அது கிடைக்கவில்லை. கடல்நீரோடு ஆல்கஹால் சேரும்போது படியும் கால்சியம் சல்பேட்தான் அந்தக் கூழ் என்று புக்கானன் கண்டுபிடித்தார். ஹக்ஸ்லியும் அதை ஒப்புக்கொண்டார்.

மொத்தம் 563 பெட்டிகளில் மாதிரிகள் ஊர் வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதி முடிக்க 1895 வரை ஆனது. 50 தொகுதிகள், சுமார் 4,700 புதிய உயிரினங்கள். தாம்சன் 1882-இல் காலமாகிவிட்டதால் மரேதான் அந்த வேலையை முடித்தார்.

ஆனால் இன்று அதிகம் பயன்படுவது அந்த விநோத மீன்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு இடத்திலும் சலிக்காமல் எழுதி வைத்த வெப்பநிலைக் கணக்குகளும்தான். 2012-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அந்த எண்களை இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட 135 ஆண்டுகளில் கடலின் மேற்பரப்பு சராசரியாக சுமார் 0.6 டிகிரி செல்சியஸ் சூடாகியிருந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, சேலஞ்சர் கொண்டுவந்த மிக நுண்ணிய ஓட்டுயிரிகளை அண்மைக் கால மாதிரிகளோடு வைத்துப் பார்த்தது. சில இனங்களின் ஓடு 76 சதவீதம் வரை மெலிந்திருந்தது.

புவி வெப்பமாதல் என்ற பேச்சே அன்று கிடையாது. அந்த வெப்பமானிகளை மேலும் கீழும் இழுத்த மாலுமிகளுக்கு அது இன்னொரு நாள் வேலை மட்டுமே. எதற்கு என்று முழுதாகத் தெரியாமலே அவர்கள் 362 முறை கயிறு இழுத்ததால்தான், கடல் அப்போது எப்படி இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அறிவியல் வரலாற்றில் கண்டுபிடித்தவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில், கயிறு இழுத்தவர்களுக்கும் ஒரு வரி இருக்கத்தான் வேண்டும்.