புகாரே பரவும்போது: வடசென்னை மாணவிகளும் இணையவழித் துன்புறுத்தலும்

இணையவழித் துன்புறுத்தலை ஒடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் போதவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. சட்டம் இருக்கிறது, கொடுத்த புகார் வெளியே கசியாது என்ற உறுதிதான் இல்லை.

1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின் வந்தது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். மனத்துக்கு நேரும் தீங்கையும் அச்சத்தையும் வெட்கத்தையும்கூட அது ராகிங் என்றே கொள்கிறது. கல்வி நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தடை செய்கிறது. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் எழுதியதுதான். ஆனாலும் ஒரு மாணவியின் முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் சுற்றவிடுவது அதன் சொற்களுக்குள் அடங்கும். அந்தரங்கப் படங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உண்டு. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான மாநிலச் சட்டத்திலும் 2025 ஜனவரியில் மின்னணு வழித் துன்புறுத்தல் சேர்க்கப்பட்டது.

பிறகு ஏன் மாணவிகள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்? சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு ஏற்றுபவரின் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். விஷயம் தெருவுக்கு வந்தால் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "உன் போட்டோ அவன்கிட்ட எப்டி போச்சு?" அடுத்து போன் பறிபோகும். அதற்கடுத்து, "காலேஜுக்குப் போனது போதும்." மிரட்டுபவனுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்பதே அவன் பலம்.

இந்த அச்சம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளின் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் விலக்களித்திருந்தது. அறிக்கை கசிந்ததற்குத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று காவல்துறை விளக்கம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அறிக்கையின் மொழி பாதிக்கப்பட்டவரையே பழிப்பதையும் கண்டித்தது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளியானதற்கு 2019இல் மதுரைக் கிளை உத்தரவிட்ட இழப்பீடும் 25 லட்சம்தான். ஐந்தாண்டில் நிர்வாகம் ஒன்றும் கற்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழக வழக்கின் குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 30 ஆண்டுகள் சிறை. விரைவான தீர்ப்பு, சரியான தீர்ப்பு. ஆனால் திருவொற்றியூரில் ரயிலேறும் மாணவியின் மனத்தில் தண்டனையைவிட அந்தக் கசிவே தங்கியிருக்கும் என்று அஞ்சுகிறேன்.

ரகசியம் காத்தால் பொய்ப் புகார் பெருகும் என்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் புகாரை அறிந்து பதில் சொல்லட்டும். அலுவலக உதவியாளரும் வகுப்புத் தோழரும் அறிய வேண்டிய தேவை என்ன?

கல்லூரி முதல்வர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே இரண்டு காரியங்கள் செய்யலாம். புகார்க் கோப்பில் பெயருக்குப் பதில் எண் இடுங்கள். 18 வயது நிறைந்த மாணவியின் ஒப்புதல் இல்லாமல் பெற்றோருக்குப் போன் செய்யாதீர்கள்.