மலாயாவில் தங்கும் உரிமை
இன்று மலேசியாவில் நெடுங்காலம் தங்க விரும்பும் வெளிநாட்டவர் வங்கியில் வைப்புத்தொகை காட்ட வேண்டும். 2002இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டம் அப்படித்தான் கேட்கிறது. அன்றைய மலாயாவில், ரப்பர் காலத்தில் கேட்கப்பட்டது உடலுழைப்பு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். விசா கிடையாது. பிரிட்டிஷ் பேரரசின் குடிகள் என்பதால் அவர்களுக்குத் தடையே இருக்கவில்லை என்று வாதிடலாம். 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் சீனர்களைக் கட்டுப்படுத்தியது, இந்தியர்களைத் தொடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, அதே நிதியைக் கொண்டே பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வரவழைத்த பணமே வழியனுப்பியும் வைத்தது என்றால், தங்கும் உரிமை தொழிலாளியின் கையில் இருந்ததாக எப்படிச் சொல்வது?

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது என்பது இன்னொரு மறுப்பு. 1957இன் அரசமைப்பு பலருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிறப்புச் சான்றும் எழுத்தறிவும் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பலர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1968இன் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது; காடழித்து ரப்பர் நட்ட அந்த மண்ணைவிட்டு ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்ப நேர்ந்தது.