மூன்று வீடு, ஒரு மூலைக்கல்

சென்னையில் ஒரு சைட் பிளான் சர்வே கல்லில்தான் பிறக்கிறது. பாதி மண்ணுக்குள், மீதிப் பாதி வண்டி இடித்து மூளியாகி, காம்பவுண்டுச் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும் கல். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போய், அப்ரூவல் வாங்கி, திரும்ப அதே மண்ணுக்கு முளைக்குச்சியாக வந்து சேர்வது வரைதான் அதன் ஆயுள்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டி மூன்று கிரவுண்டு மனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பு அறுபதடி, ஆழம் நூற்றிருபதடி, ஆக 7,200 சதுர அடி. அண்ணன் தம்பி மூவருக்கும் பொதுச்சொத்து. தெருவோரம் மூத்தவருக்குக் கடைகள், நடுவில் இரண்டாமவருக்கு நாலு ஃபிளாட், பின்னால் கடைசித் தம்பிக்குச் சொந்த வீடு. மூவரும் தனித்தனி இன்ஜினியரைப் பிடித்திருக்கிறார்கள். மூன்று டிராயிங்கும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் பட்டா ஒன்று, அப்ரூவலும் ஒன்றுதான். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்கு மனைப் பரப்பைப்போல இரண்டு மடங்கு தளப்பரப்பு தருகின்றன. அந்தக் கணக்கு மூன்று கட்டடங்களையும் கூட்டித்தான். மூத்தவர் ஒரு மாடி கூடுதலாகப் போட்டால் தம்பியின் பங்கில் கைவைக்கிறார் என்று பொருள். தனித்தனித் தாளில் மறைந்திருந்த இந்தச் சண்டை, சைட் பிளானில் பட்டவர்த்தனமாகிவிடும். டிராஃப்ட்ஸ்மேனுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வேலையும் சேர்ந்துகொள்வது இதனால்தான்.

இந்தப் பேட்டையே ஒரு காலத்தில் திட்டம் போட்டு உருவானதுதான். 1734-இல் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, ஏற்றுமதித் துணிக்கு ஆள் வேண்டிய கிழக்கிந்தியக் கம்பெனி, வணிகர் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து அதில் நெசவாளர்களைக் குடியேற்றியது. ஆதியப்ப நாராயண செட்டி எழுப்பிய ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் இன்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அன்றைக்கு இருந்தது தோட்டம். இடத்தை முதலில் வகுத்துவிட்டு வீடுகளைப் பிறகு வைத்தார்கள். இன்றைக்கு எல்லாம் தலைகீழ். வீடுகளை வரைந்து முடித்து, இன்டீரியருக்கு டைல்ஸ்கூடப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் சைட் பிளானைத் தேடுகிறோம்.

சரி, மூன்று ஃபைலும் வந்தாயிற்று. ஆட்டோகேடில் ஒரு புது டிராயிங் திறந்து, டவுன் சர்வே அளவுகளின்படி மனை எல்லையை வரைந்து, மூன்றையும் எக்ஸ்ரெஃப்பாக இணைக்க வேண்டும். அதாவது, படங்கள் அவரவர் ஃபைலிலேயே இருக்கும். சைட் பிளானில் தெரிவது அவற்றின் நிழல். இரண்டாமவர் மாடிப்படியை மாற்றினால் இங்கேயும் தானே மாறும். 1990-இல் வந்த இந்த வசதி அலுவலகங்களைக் காப்பாற்றியது, கூடவே ஒரு புதுத் தலைவலியையும் தந்தது. சைட் பிளானை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனால், திரையில் மனையின் நாலு கோடும், கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபைலின் முகவரியும் மட்டும் தெரியும்.

இணைத்த உடனே இன்னொரு வேடிக்கை. கடை மனைக்குள் விழும். ஃபிளாட் எங்கோ தள்ளிக் கிடக்கும். வீட்டைத் தேட வேண்டியிருக்கும். மூன்று பேரும் மூன்று இடத்தைப் பூஜ்யம் என்று எடுத்திருப்பார்கள். ஒருவர் அடி அங்குலத்தில், ஒருவர் மில்லிமீட்டரில். போதாததற்கு, கட்டடத்தை எல்லாரும் திரைக்கு நேராக வரைகிறார்கள். மனையோ தெருவுக்கு ஏற்பக் கோணிக்கொண்டு நிற்கிறது.

எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுவது என்பது இந்த ஊருக்குப் பழைய கேள்வி. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதற்குக் காரணமான மைக்கேல் டாப்பிங் 1794-இல் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கி, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நகர்ந்தபோது, தீர்க்கரேகைக்கு ஆதாரமாகக் கொண்டது அந்த வானாய்வகத்தை. துண்டு துண்டாக அளந்த நிலங்கள் ஒரே படத்தில் பொருந்த வேண்டும் என்றால், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தொடக்கம் வேண்டும் என்பதுதான் அவருக்கும் பிரச்சினை.

நம் மனைக்கு அந்தத் தொடக்கம் தென்மேற்கு மூலைக்கல் என்று முடிவு செய்யலாம். சர்வேயர் ஜிபிஎஸ் கருவி வைத்தால் அதன் ஆயத்தொலைவு கிழக்கில் 4 லட்சம் மீட்டர் சொச்சம், வடக்கில் 14 லட்சம் மீட்டர் சொச்சம் என்று வரும். ரெவிட் மென்பொருளில் வேலை என்றால், இந்த எண்களை அப்படியே போட்டு வரையக்கூடாது; அதன் உள் மையத்திலிருந்து 16 கிலோமீட்டர் தாண்டினாலே கோடுகள் தடுமாற ஆரம்பிக்கும். படத்தை மையத்துக்குப் பக்கத்தில் வரைந்துவிட்டு, 'இந்த மூலைக்கு வெளியுலகில் இந்த எண்' என்று ஷேர்டு கோஆர்டினேட்ஸில் சொல்லிவைப்பதே முறை.

ஆட்டோகேடில் சுருக்குவழி, அலைன் கட்டளை. கட்டடத்தில் இரண்டு புள்ளி, மனையில் இரண்டு புள்ளி காட்டினால், தூக்கித் திருப்பி உட்கார வைத்துவிடும். முடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கும்: புள்ளிகளுக்கு ஏற்ப அளவையும் மாற்றட்டுமா? அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிட்டால் தொலைந்தது. காகிதத்தில் அறுபதடி என்றால் 18.288 மீட்டர், டேப் வைத்து அளந்தபோது 18.26 இருந்தது என்று வையுங்கள். கட்டடம் சத்தமில்லாமல் அந்த விகிதத்துக்குச் சுருங்கும். தூணுக்குத் தூண் 4,000 மில்லிமீட்டர் இருந்தது 3,994-க்குக் கிட்டே வரும்; 230 என்று வரைந்த ஒன்பது அங்குலச் சுவர் 229.6 காட்டும். கண்ணுக்குத் தெரியாது. கம்பி வெட்டுகிற அன்றைக்குத் தெரியும். டிராயிங்கில் சில்லறைப் பின்னம் வந்தால், அளவெடுத்தவரைத் திட்டும் முன் இந்த 'ஆம்' எங்கே விழுந்தது என்று பார்ப்பது நல்லது.

உயரத்துக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூன்று படத்திலும் தரைத்தளம் ±0.00 என்றிருக்கும். எதிலிருந்து? சாலை மட்டத்திலிருந்து என்பார்கள். சென்னைச் சாலைகள் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்தவை. கடைக்குச் சாலை முகப்பு, வீட்டுக்கு ஆற்றுப் பக்கத்துப் பள்ளம். 2015 டிசம்பரில் கூவம் கரைபுரண்டதைப் பார்த்த ஊரில், மூன்றுக்கும் கடல் மட்டத்திலிருந்து ஒரே பெஞ்ச்மார்க்கைக் குறிக்காமல் சைட் பிளானில் கையெழுத்துப் போடுவது துணிச்சல்தான்.

அப்ரூவலுக்கு ஆன்லைனில் ஏற்றும்போது எல்லை, கட்டடம், திறந்தவெளி என்று ஒவ்வொன்றும் சொன்ன லேயரில், மூடிய கோடாக இருக்க வேண்டும். பரப்பை சாஃப்ட்வேரே எண்ணிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை காப்பி விழுந்த வீட்டை அது இரண்டு வீடாக எண்ணினால் அதன் மேல் தப்பில்லை.

பிறகு பூமி பூஜை. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை மூலைக்கல்லில் நிறுத்தி, முளைக்குச்சி அடித்து, நைலான் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியில் சென்டர் லைன் போடுவார்கள். மேஸ்திரி கருவியை நம்பமாட்டார். கயிற்றில் மூன்றடி, நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். பக்கத்து வீட்டு அஸ்திவாரம் இரண்டு அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்து, தம்பியின் வீட்டை அங்கேயே இரண்டு அங்குலம் தள்ளுவார்கள். அதைச் சைட் பிளானில் யாராவது திருத்துகிறார்களா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும். பெரும்பாலும் திருத்துவதில்லை.